கருப்புக் கவருக்குள் போகும் மாத்திரைகள்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும். சில பெண்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். முன்னால் நிற்பவர்கள் இருமல் மருந்தும் தைலமும் வாங்கிக்கொண்டு நகரும் வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் கவுண்டருக்குக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணா, அது ஒண்ணு குடுங்க" என்பார்கள். "அது" என்னவென்று கடைக்காரருக்குத் தெரியும். நாப்கின் என்றால் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார். மாத்திரை என்றாலும் அதே கவர்தான். காசு கைமாறியதும் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை, சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. பெண்களின் அன்றாட ஆரோக்கியத்தில் மருந்தாளுநர் செய்யக்கூடிய உதவியில் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலும் வார்த்தையிலும்தான் இருக்கிறது. அதற்குப் புதிய மருந்தோ இயந்திரமோ தேவையில்லை.

வெள்ளைப்படுதல், மாதவிடாய் வலி, நீர்க்கடுப்பு, தலைசுற்றல் போன்றவற்றுக்கு நம் ஊர்ப் பெண்கள் உடனே டாக்டரிடம் போவதில்லை. போக வேண்டுமென்றால் அரை நாள் கூலி போகும், துணைக்கு ஆள் வேண்டும், ஃபீஸ் வேண்டும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். தெருமுனை மருந்துக்கடைக்கு இது எதுவும் வேண்டாம். அதனால் பல பெண்களின் பிரச்சினையை முதலில் கேட்கிற படித்த ஆள் மருந்தாளுநராகத்தான் இருக்கிறார். சில சமயம் கடைசியாகக் கேட்கிற ஆளும் அவரேதான்.

சட்டமும் அவரை வெறும் விற்பனையாளராகப் பார்க்கவில்லை. மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வதையும் அவருடைய வேலையாகவே சேர்த்திருக்கின்றன. நடப்பு வேறு. பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், அதில் உள்ள படத்தின் ஆள் கடையில் இருக்கமாட்டார். அட்டையை எடுத்துக் கொடுப்பவர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த உதவியாளர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. நான் கீழே சொல்வதெல்லாம் உண்மையான மருந்தாளுநர் கவுண்டரில் நிற்கிற கடைக்குத்தான் பொருந்தும்.

முதலில் தள்ளிப்போடுகிற மாத்திரை. ஊர்த் திருவிழா, கிரகப்பிரவேசம், நாத்தனார் கல்யாணம், கோயில் பயணம் என்று வந்தால், "அண்ணா, தள்ளிப்போற மாத்திரை இருக்கா?" என்ற கேள்வி கவுண்டருக்கு வந்துவிடும். மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்ணை விலக்கி வைக்கிற வழக்கம்தான் இந்தக் கேள்விக்கு மூலம். அது மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது மாறும் வரை கேட்டு வருகிற பெண்ணை வெறும் அட்டையோடு அனுப்பக் கூடாது.

அந்த மாத்திரை பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன். 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, மாதவிடாய் எதிர்பார்க்கிற தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து தொடங்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வரும். சட்டப்படி இது மருத்துவர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டிய மருந்து. காரணம் உண்டு. இந்த அளவில் எடுக்கும்போது அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கிற அதே பொருள்தான். ஆகவே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர், கல்லீரல் நோய் உள்ளவர், கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர் இதை எடுக்கக் கூடாது.

"எவ்வளவு அட்டை?" என்று கேட்கிற நேரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடலாம். அதோடு, "நாள் ஏற்கெனவே தள்ளிப் போயிருக்காம்மா?" என்றும் கேட்க வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மற்றது. மாதவிடாய் வரத் தொடங்கிவிட்டால் இதைப் போட்டு நிறுத்த முடியாது என்பதையும், எடுக்கிற நாள்களில் இது கருத்தடையாக வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். பல பெண்கள் செய்யும் என்றுதான் நம்புகிறார்கள். திருவிழா முடிந்து, ஊருக்குப் போய், அங்கே இன்னொரு விசேஷம் என்று ஓரிரு வாரத்துக்கு மேல் தானாக நீட்டிக்கொண்டே போவதும் தவறு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

மாதவிடாய் வலிக்கு அதிகம் போகிறது மெஃபனமிக் அமிலம் உள்ள மாத்திரை. பெயரைச் சொன்னால் போதும், கேள்வியில்லாமல் கிடைக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மிக அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்புப் பாதிப்பு என்று ஒரு கடுமையான ஒவ்வாமை வரலாம். மருந்து எடுத்துச் சில வாரம் கழித்தும் அது தலைகாட்டக்கூடும். செய்தி வந்ததும் பலர் பயந்து வலியைப் பொறுத்துக்கொண்டார்கள். அப்படியும் செய்ய வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு போடுங்கள், வலி ஆரம்பிக்கும்போதே போடுங்கள், இரண்டு மூன்று நாளோடு நிறுத்துங்கள், உடம்பில் தடிப்பு வந்தால் விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்பது அதற்கு முன்னால்.

இங்கே மருந்தாளுநருக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்று இருக்கிறது. அதே பெண் மாதாமாதம் வருகிறார். முதலில் இரண்டு மாத்திரை, ஒரு வருடத்தில் ஒரு அட்டை, இப்போது இரண்டு அட்டை. வலி வருடத்துக்கு வருடம் கூடுகிறது என்பதை வீட்டில் யாரும் கணக்குப் போடமாட்டார்கள். கடைக்காரர் பார்க்கிறார். கருப்பை உட்சுவர்த் திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், நார்க்கட்டியாக இருக்கலாம். "இது வழக்கமான வலி மாதிரி தெரியலம்மா, ஒரு தடவை ஸ்கேன் பாத்துருங்க" என்று அவர் சொல்கிற வாக்கியம் அந்தப் பெண்ணுக்குப் பல வருட வேதனையைக் குறைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு நாப்கின் என்று மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், அதற்கும் இதே பதில்தான்.

அப்புறம் ரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல்! ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. கிடைக்கிற மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா, போனது ரத்தத்தில் சேர்கிறதா என்பதுதான் சிக்கல்.

மாத்திரையைப் பாதியில் விடுகிற பெண்களைக் கேட்டால் காரணங்கள் ஒரே மாதிரி இருக்கும். மலம் கருப்பாகப் போகிறது, குமட்டுகிறது, மலச்சிக்கல். கருப்பாகப் போவது இந்த மருந்தின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேர் தொடர்ந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். காபி, டீயோடு மட்டும் சேர்க்கக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பைச் சேர்க்க உதவும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதே வேளையில் போட்டால் இரும்பு சேர்வது குறையும். கர்ப்பிணிக்கு இரண்டையும் ஒரே பையில் கொடுத்துவிடுகிறோம். அவர் இரண்டையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். அவர்மேல் தப்பில்லை.

தைராய்டு மாத்திரையின் கதையும் காபியில்தான் போய் நிற்கும். எங்கள் சித்திக்கு 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தது. ரத்தத்தில் ஹார்மோன் அளவு கூடவில்லை என்று 75 ஆனது, பிறகு 100 ஆனது. சோர்வும் முடி கொட்டுவதும் நிற்கவில்லை. ஒரு நாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பார்மசிஸ்ட் பெண் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே, "எப்போம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். "காலைல எழுந்ததும் காபியோடதான்." அதோடு டிபன் முடித்த கையோடு கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார் சித்தி. லெவோதைராக்ஸின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போக வேண்டிய மருந்து. காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். அந்தப் பெண் பாட்டில் அட்டையிலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தாள்: தைராய்டு காலை 6, காபி 7, இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பின், கால்சியம் ராத்திரி. ஒன்றரை மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர்தான் அளவைக் குறைத்தார். அந்தக் கேள்வியை மூன்று வருடமாக எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளைப்படுதலுக்கு மருந்து கேட்டு வருகிறவரிடம் நிறத்தையும் வாடையையும் கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்கத்தான் இரண்டு பக்கமும் கூச்சம். தயிர் திரிந்தது போல, வாடை இல்லாமல், அரிப்போடு இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மீன் வாடை அடித்தால் பாக்டீரியா காரணமாக இருக்கலாம், பூஞ்சை மருந்து அதற்கு வேலை செய்யாது. பச்சையாக, நுரையாக வந்தால் கணவருக்கும் சிகிச்சை வேண்டியிருக்கும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ கூட இருந்தால் கவுண்டரில் தீர்க்கிற விஷயமில்லை. பூஞ்சைத் தொற்று அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும். ஃப்ளூகோனசோல் மாத்திரை கேட்டு வருகிறவரிடமும் அதே பழைய கேள்விதான்: நாள் தள்ளிப் போயிருக்கா?

நீர்க்கடுப்புக்கு "ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க" என்று ஆன்டிபயாட்டிக் வாங்குவது நம் ஊரில் சகஜம். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த முறை அந்த மருந்து கேட்காமல் போகலாம். கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலாக 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணைப்படி சில ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்தாளுநர் இதில் கறாராக இருப்பதுதான் உதவி. நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, அன்றைக்கே டாக்டர்.

கருத்தடைக்கு வருவோம். அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரலை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று 2005-லேயே இந்தியாவில் முடிவானது. ஆனால் தமிழ்நாட்டில் பல வருடங்களாகப் பெரும்பாலான கடைகளில் "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான். கேட்கிற பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பது வேறு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டிய மாத்திரை இது. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிற நேரத்தில் அதன் பலன் குறைந்துகொண்டே போகிறது. இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை ஒன்றும் செய்யாது. இந்தக் குழப்பம் கடைக்காரர்களிடமே இருக்கிறது. கையில் மாத்திரை இல்லாத மருந்தாளுநராவது, ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்தினாலும் கர்ப்பத்தைத் தடுக்கலாம், அரசு மருத்துவமனையில் கேளுங்கள் என்று சொல்லலாம்.

தொடர்ந்து எடுக்கிற கருத்தடை மாத்திரை வாங்குகிறவரிடம் கேட்க வேண்டியவை சில: பால் கொடுக்கிறீர்களா, பிரஷர் உண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள். கடைசிக் கேள்வி முக்கியம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடோயினும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மெலாக்சிஃபீன் இருக்கிறது. 1991-இல் சஹேலி என்ற பெயரில் சந்தைக்கு வந்தது, இப்போது அரசு மருத்துவமனைகளில் சாயா என்ற பெயரில் இலவசம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, நம் பெண்களுக்கே அதிகம் தெரியாது.

கருக்கலைப்பு மாத்திரையைக் கணவரோ வேறு யாரோ வந்து கடையில் வாங்குவதுதான் இந்த வரிசையிலேயே ஆபத்தானது. சட்டப்படி ஒன்பது வாரம் வரை, டாக்டரின் மேற்பார்வையில்தான் அதைக் கொடுக்கலாம். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கொடுக்க மறுத்து அனுப்பிவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போவார். மறுப்பதோடு, அரசு மருத்துவமனையில் இது சட்டப்படி செய்யப்படுகிறது, பெயர் ரகசியமாக இருக்கும், கல்யாணம் ஆகாதவர்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்லி அனுப்ப வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் அதைத் தெளிவாக்கியிருக்கிறது.

சின்னதாகத் தோன்றிப் பெரிதாகிவிடுகிறவையும் உண்டு. வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை பொதுவாக வாரத்துக்கு ஒன்று. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிடுகிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று அட்டையில் எழுதினால் தீர்ந்தது. முகம் வெளுக்க வாங்குகிற கிரீமிலும், தொடை இடுக்கு அரிப்புக்கு வாங்குகிற கிரீமிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். 2018-இல் அவற்றில் 14 வகையை மருத்துவர் சீட்டுக்கு மட்டும் என்று அரசு மாற்றியும் விற்பனை ஓயவில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துச் சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கால்சியம் வாங்க வருகிற அம்மாக்களிடம் சொல்லி வைக்கலாம். புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அது ஒரு வாய்ப்பு.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், 16 முதல் 64 வயது வரையிலான பெண்களின் எளிய நீர்க்கடுப்புக்கு மருந்தாளுநரே பார்த்து மருந்து கொடுக்கலாம் என்று அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. நம் ஊரில் இப்போதே அப்படித்தானே நடக்கிறது என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே தனியறையில் உட்கார வைத்துக் கேட்கிறார்கள், எழுதப்பட்ட நெறிமுறை இருக்கிறது, குடும்ப டாக்டருக்குத் தகவல் போகிறது, எல்லை தாண்டினால் அனுப்பிவைக்கிறார்கள். இங்கே பத்துக்குப் பத்து கடையில் தனியறைக்கு எங்கே போவது? ஒரு தடுப்புப் பலகை வைக்கலாம். கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டுக் கட்டும் பேனாவும் வைத்தால், வாயால் சொல்ல முடியாததை எழுதிக் காட்டுவார்கள். டி.பார்ம், பி.பார்ம் படிக்கிற பெண்கள் ஏராளம், கவுண்டரில்தான் அவர்களைக் காணோம். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 1,000 முதல்வர் மருந்தகங்களில் அவர்களுக்கு இடம் இருக்கிறது, தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டது. ஒரு பெண் மருந்தாளுநர் தினமும் இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை இருப்பார் என்று வாசலில் எழுதிப் போட்டாலே, ஒன்பது மணி வரை காத்திருக்கிறவர்கள் ஐந்து மணிக்கே வருவார்கள்.

எல்லாப் பெண்களும் கடைக்கு நேரில் வருவதும் இல்லை. கணவரோ மகனோ பழைய அட்டையைக் கொண்டுவந்து காட்டி வாங்கிப் போகிறார்கள். அவரிடம் நாள் தள்ளிப் போயிருக்கா, பால் கொடுக்கறாங்களா என்று கேட்டால் பதில் வராது. "அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க தம்பி, ஒரே ஒரு விஷயம் கேக்கணும்" என்று சொல்லலாம். எடுக்கவில்லை என்றால் கருப்புக் கவருக்குள் மாத்திரையோடு ஒரு சீட்டையும் போட்டு அனுப்பலாம். எந்த வேளை, எதோடு சேர்க்கக் கூடாது, என்ன தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று மூன்று வரி. கீழே கடையின் போன் நம்பர், பேசுவதற்கு வசதியான நேரம்.